யூன் பன்னிரண்டு

எமிலியானா ‘சிஞ்ஞோரா’ என்று அழைத்துப் பராமரிக்கும் அயர்லாந்துக்காரக் கிழவி, அன்று, யூன் பன்னிரண்டாம் திகதி, ஒருநாள் மட்டுமாவது கதவைப் பூட்ட வேண்டாம் என்று கெஞ்சினாள். 1889இல் அதே நாளில், அவளுடைய ஊரான ஆர்மாவிலிருந்து கடற்கரைக்குச் சுற்றுலா போன ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளைகளின் கரி ரயில் நொறுங்கியது. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன; உள்ளே இருந்த பிள்ளைகளால் தப்ப முடியவில்லை.

சிஞ்ஞோராவின் மகள் போட்ட கட்டளை வேறு: வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பூட்ட வேண்டும். கிழவி இன்னொரு முறை படியில் விழுந்தால் எமிலியானாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவும் இல்லை. எமிலியானா கதவைப் பூட்டிவிட்டுக் கபோச் சந்தைக்கு மீன் வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது, அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் அருளையா படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, மேல எத்தினை குழந்தையள்? நீ போன நேரம் துவங்கிக் கதவைப் போட்டு அடிக்குதுகள்.”

“கிழவி மட்டும்தான், அண்ணை.”

“அப்ப கிழவிக்கு நூறு கை.”

சிஞ்ஞோரா கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைகள் சுத்தமாக இருந்தன. கதவின் உட்புறத்தில், எமிலியானாவின் இடுப்புக்குக் கீழே, கரி படிந்த சிறிய கைத்தடங்கள் இருந்தன. அவள் அவற்றைத் துடைத்தாள்.

மாலையில் இன்னொரு வீட்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வெளியே வந்து சாவியைப் பாதி திருப்பினாள். உள்ளிருந்து, முழங்கால் உயரத்தில், ஒரு கை மெதுவாகத் தட்டியது.

எமிலியானா பெர்மெஸ்ஸோவை நினைத்தாள். மீதியையும் திருப்பினாள்.