ஆணி வைத்த டயர்

"ஆணி வச்சதா, ஆணி இல்லாததா? இந்த வருஷமும் நான்தான் பஞ்சாயத்து பண்ணணுமாண்ணே?"

டயர் கடை ஈவார் சிரித்துக்கொண்டே இரண்டு டயர்களை எங்கள் முன்னால் உருட்டிவந்து நிறுத்தினான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. முதல் பனி விழுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டை இது.

நான் ஆணிக் கட்சி. டயரில் பதித்த குட்டி ஆணிகள்தான் உறைபனியைக் கவ்விப் பிடிக்கும். மலைப்பாதை கண்ணாடிபோல உறைந்து கிடக்கும்போது வெறும் ரப்பரை நம்பி ஓட்ட எனக்கென்ன பைத்தியமா?

என் மனைவி ஓட்னிக்கு ஆணி என்றாலே ஆகாது. பனி இல்லாத ரோட்டில் கடகடவென்று காதைத் துளைக்கும், ரோட்டைச் சுரண்டிப் புழுதி கிளப்பும், பெர்கன் நகரத்துக்குள் நுழைந்தால் அதற்குத் தனிக் கட்டணம் வேறு என்பாள். கார் அவளுடையது, ஓட்டுவதும் அவள். அதனால் ஒவ்வொரு வருஷமும் அவள்தான் ஜெயிப்பாள்.

இந்த முறை ஓட்டப்போவது நான். நாளைக் காலை மலையைத் தாண்டி அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இன்றிரவே பனி விழும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

விடக் கூடாது என்று வரும் வழியெல்லாம் வாதங்களை அடுக்கிக்கொண்டே வந்திருந்தேன்.

ஓட்னி கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஈவார் கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஆணி வச்சதே போடுப்பா," என்றாள்.

"அக்காவா பேசுறது!" ஈவார் வாயைப் பிளந்தான்.

நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. கொஞ்ச நாளாகவே அவள் எதற்கும் சண்டை போடுவதில்லை. ஒரு தடவை என்னைத் திட்டிவிட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

"உனக்குத்தான் அந்தச் சத்தம் ஆகாதே. ஆணி இல்லாததையே போடச் சொல்லு. நான் மெதுவா ஓட்டுறேன்," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஈவாரிடம்தான் சொன்னாள்.

"போறப்போ நான் பக்கத்துல இருப்பேன், வளைவு வந்தா சொல்லுவேன். திரும்பி வர்றப்போ இவரு தனியா வரணும். அதுக்கப்புறமும் தனியாத்தான்."

ஈவார் ஜாக்கியை எடுக்கப் போனான்.

ஆணி வைத்த டயரை நானே காரை நோக்கி உருட்டிக்கொண்டு போனேன்.