உள்ளே இருப்பவர்கள்

தொரப்பள்ளி வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் திம்மராயன், மடியில் இன்லேண்ட் கடிதத்தோடு. எதிரே தரையில், விசிறியும் கையுமாக அவர் அக்கா ரங்கம்மா. மூடிய அறைக்கதவை மறித்து உட்கார்ந்திருந்தாள் ரங்கம்மாவின் மருமகள் முனிலட்சுமி.

"எழுதுடா தம்பி, பெங்களூர்ல இருக்கற எம்மவனுக்கு. பெத்தவ வெளிய வேகறேன். அந்த மகராசருங்க மட்டும் உள்ள ஜில்லுனு கெடக்கறாங்க. ஏ.சி. வாங்கிக் குடுத்தவன் அவன்தானே!"

"ஜன்னல் ஏ.சி.ன்னா செவுத்த ஒடைக்கணுங்க, சத்தம் வேற" என்றாள் முனிலட்சுமி. "இது ஸ்ப்ளிட்டு. எரையற பெட்டி வெளிய இருக்குது. பைப்புக்குச் சின்ன ஓட்டை போதும், ஈ கூட நுழையாது."

"தின்னுட்டுத் தூங்கறவங்களுக்கு இத்தன சொகுசா?" என்றார் திம்மராயன்.

"கேளுடா! ராவுக்கு ஒரு மூலையில படுத்துக்கறேன்னேன். என் பொகையில வாசம் அவங்களுக்கு ஆவாதாம்!"

'பெற்றவளைவிட அவர்கள் உசத்தியா?' என்று அழுத்தி எழுதிய திம்மராயன், ஆத்திரத்தோடு எழுந்தார்.

"உங்கம்மா வீட்டு ஆளுங்களா? நானே கேக்கறேன், நகரும்மா!"

"ஐயோ, கால் கழுவிட்டுப் போங்க!"

அதற்குள் கதவைத் தள்ளிவிட்டார். அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். மல்பெரி இலைகளைக் கொறித்தபடி ஆயிரக்கணக்கில் பட்டுப்புழுக்கள்.

"ஏக்கா, புழு மேலயா இத்தன கோவம்?"

"புழுவுக்கு வேர்க்கும், எனக்கு வேர்க்காதா?"

திம்மராயன் திரும்பி வந்து உட்கார்ந்து, கடிதத்தின் அடியில் எழுதினார்:

'அறைக்குள் இருப்பவை பட்டுப்புழுக்கள் என்று இப்போதுதான் பார்த்தேன். மேலே எழுதியதில் ஒரு வரியும் மாற்றமில்லை.'

மடித்து ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் தாமே போட்டுவிட்டு வந்தார்.