விறகுக்கு இன்னும் ஒரு வாரம்

குப்பை வண்டியின் மணி தெருமுனையில் கேட்டதும், ஈரத்துணி பிடித்திருந்த மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது.

ஜன்னலோரச் செடிகளுக்குக் குளிர்காலத் தூசு துடைத்துக்கொண்டிருந்தார். ரப்பர் செடிக்கு முகம் கழுவியாயிற்று. மணிபிளாண்ட் தொட்டியைக் கால் சுற்று திருப்பி, சோனியாகக் கிடந்த பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டியாயிற்று.

மிச்சம், மூலையில் இருந்த அந்த அத்தி.

அத்தி என்று சொன்னவர் மாப்பிள்ளை. மாமனார் வைத்த பெயர் விறகு.

பார்த்தால் விறகு மாதிரித்தான் இருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு மொட்டைக் குச்சி. பால்கனியில் பனி தாங்காது என்று குளிர் தொடங்கியபோது மாப்பிள்ளைதான் தொட்டியோடு உள்ளே தூக்கி வந்தார். வந்த வாரமே இலையெல்லாம் கொட்டிவிட்டது.

பத்து நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்று நர்சரிக்கார அம்மா சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். சந்தேகம் வந்தால் தோலை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் கதை முடிந்தது.

மூன்று மாதமாக மாப்பிள்ளை சுரண்டவே இல்லை. பழுப்பாக இருந்து தொலைத்தால்?

செடி போனால் வேறு வாங்கலாம். பேச்சு போய்விட்டால் எந்த நர்சரியில் வாங்குவது?

வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் இந்த ஊர்க் கிளைக்கு மாற்றலாகி, வீட்டோடு மாப்பிள்ளையாக இங்கே வந்து ஒரு வருஷம். மாமனார் நாற்பது வருஷம் கதவும் நாற்காலியும் செய்த தச்சர். செய்து முடித்த எதன் அடியிலும் பென்சிலால் தேதி போடுவார். இந்த வீட்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள் தெரியும்.

ஆனால் அவர் வாய் திறப்பது அத்தி பூத்த மாதிரி. "சாப்பிட்டாச்சா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா." அதோடு அன்றைக்குக் கடை அடைப்பு.

அத்தி இலை கொட்டிய வாரம், ஒரு நாள் காலையில், டீயும் கையுமாகத் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க மாப்பிள்ளை. இது விறகுன்னு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தூங்குது மாமா. குளிர் போனா எந்திரிக்கும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் சண்டை. சண்டை கிளை விட்டு, எந்த மரம் எதற்கு ஆகும், மாமனார் முதன்முதலில் செய்த ஸ்டூல் யார் யாரைக் கவிழ்த்தது என்று எங்கெங்கோ போகும். டீ ஆறிப்போகும்.

"அந்தக் குச்சிக்கு ஒரு பேரு வச்சு, தொட்டில்ல போட்டு ஆட்டுங்களேன், ரெண்டு பேரும்" என்பாள் மனைவி.

தளிர் வராவிட்டால் சனிக்கிழமை வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று கெடு வைத்ததும் மாமனார்தான். அவராலேயே மூன்று சனிக்கிழமை தள்ளிப்போயிற்று. ஒரு வாரம் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு வாரம் வண்டி நிரம்பிவிட்டதாம். போன வாரம் வண்டிக்காரர் முகமே சரியில்லையாம்.

மனைவியின் பொறுமை நேற்றோடு தீர்ந்தது. அந்த மூலை அவளுக்குத் துணி காயப்போட வேண்டும். உயிர் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் நாளைக்கு நானே தூக்கிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மணி நாலு வீடு தள்ளி வந்துவிட்டது.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியைத் திருப்பினார். இலையில்லாத குச்சிக்கு வெளிச்சம் எதற்கு என்று இதை மட்டும் அவர் திருப்பியதே இல்லை. சுவர்ப் பக்கம் இருந்த முதுகு இப்போதுதான் முன்னால் வந்தது.

நகத்தை வைக்கப்போன இடத்தில், ஏற்கெனவே யாரோ சுரண்டியிருந்தார்கள்.

நகக்கீறல் இல்லை. அரிசி அகலத்தில், ஸ்கேல் வைத்தாற்போல நாலு பக்கமும் நேரான ஒரு குட்டிச் சதுரம். மேலே மெழுகு தடவியிருந்தது. ஓரமெல்லாம் உப்பி, காயம் ஆறி, பழைய தழும்பாகியிருந்தது.

செத்த மரத்துக்குக் காயம் ஆறாது.

தழும்புக்கு மேலே ஒரு கணுவில், எள்ளளவு பச்சையாக ஏதோ எட்டிப்பார்த்தது.

மாப்பிள்ளை துள்ளிக் குதித்திருப்பார். அதற்குள் தொட்டியின் விளிம்புக்குக் கீழே கண் போனது. பென்சில் எழுத்து. ஒரு தேதி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார்.

மாமனார் முதன்முதலாக "விறகு" என்று சொன்ன காலைக்கு முந்தின நாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது.

"என்ன மாப்பிள்ளை... ஏத்திடலாமா?" டீ டம்ளரோடு மாமனார் அறை வாசலில் நின்றிருந்தார். குரலில் வழக்கமான வீறாப்பைக் காணோம்.

மாப்பிள்ளை தொட்டியைப் பழையபடியே திருப்பினார். தழும்பும் தேதியும் தளிரும் சுவர்ப் பக்கம் போயின.

"ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல மாமா. இன்னும் ஒரு வாரம் பாத்துடுவோமே. உங்க பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே..." என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.