தொட்டில் பக்கத்து மைக்

ஐயா,

சத்தம் வந்தபோது கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். நான் ஜன்னலோர நாற்காலியில், மனைவி அலமாரி முன்னால் தரையில், அவள் தம்பி கட்டில் விளிம்பில்.

காலையில் உங்கள் மின்கழிவு வண்டியில் பழைய மிக்ஸி, டேப்ரெக்கார்டரோடு, தொட்டிலருகே வைக்கும் பேபி மானிட்டரின் மைக்கையும் போட்டுவிட்டோம். குரல் கேட்கும் ஸ்பீக்கர் மட்டும் இங்கே அலமாரியடியில் கிடந்திருக்கிறது. மனைவி சும்மா ஸ்விட்சைப் போட்டாள். இருமல் கேட்டது. எங்கள் மகள் இறந்து ஒரு வருஷமாகிறது.

"பக்கத்து வீட்டுக் குழந்தையா இருக்கும்க்கா," என்றான் மைத்துனன்.

"அங்க ஏதுடா குழந்தை? என் பொண்ணு இருமல் எனக்குத் தெரியாதா?"

பிறகு இரும்பு உருளும் சத்தம். உங்கள் ஆள் ஒருவர், "இதெல்லாம் நாளைக்கு அரவையில போட்டுடலாம்ணே" என்றார். ஸ்பீக்கரில் மகள் வீறிட்டு அழுதாள்.

எழுதிக் கேட்டால்தான் திருப்பித் தருவீர்கள் என்று போனில் சொன்னார்கள். எழுதிக் கேட்கிறேன். வெள்ளை மைக், மூலையில் கீறல். தயவுசெய்து அரைத்துவிடாதீர்கள். மைத்துனன் வந்து சேரும்வரை அதைக் குப்புற வையுங்கள். மல்லாக்கப் போட்டால் தூங்கமாட்டாள். யாராவது லேசாகத் தட்டிக்கொடுத்தால் போதும்.

வாசலில் வண்டியைக் கிளப்பிவிட்டான். உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.