வாலு

"இன்னாமே வாலு, அப்படியே நின்னுக்கினு கீற? கோடு போடு!"

திலீப் சாக்பீஸை நீட்டினான். போர்டில் y = 2x + 3 என்று அவனே எழுதியிருந்தான். பல வருடங்கள் கழித்துப் பழைய பத்தாம் வகுப்பு அறையில் கூடியிருந்தவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். ரூபா சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் கோவர்த்தனன். இங்கே வர ரேணிகுண்டாவில் பஸ் ஏறும்போதே அவனுக்கு ஒரே பயம். யாருக்காவது ஞாபகம் இருந்துவிட்டால்?

பத்தாவது படித்த அந்த வருடம்தான் அவன் தமிழ் மீடியத்திலிருந்து தெலுங்கு மீடியத்துக்கு மாறியிருந்தான். இதே கணக்குக்குக் கோடு போட, கணக்கு சார் அவனையும் ரூபாவையும் ஒன்றாகப் போர்டுக்குக் கூப்பிட்டார். அவன் மூன்றில் புள்ளி வைத்து, கோட்டைப் படுக்கையாக இழுத்தான்.

"வாலு ஏதிரா?" என்றார் சார். சாய்வு எங்கே என்று தெலுங்கில் கேட்டார்.

அவன் கோட்டின் நுனியில் ஒரு வால் போட்டான்.

முன் பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். அதற்குள் பக்கத்தில் ரூபா மாட்டு வாலே போட்டுவிட்டாள், குஞ்சத்தோடு. வகுப்பு அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சந்தடியில் அவன் தன் வாலை உள்ளங்கையால் துடைத்தான். "வாலு!" என்று முதலில் கத்தியதும் அவன்தான். அவளுக்கும் தன்னைப்போலவே தெலுங்கு தகராறு என்று நினைத்தான்.

இப்போது ரூபா மூன்றில் புள்ளி வைத்தாள். பக்கத்தில் ஒன்று, மேலே இரண்டு. கோடு பிசகாமல் ஏறியது.

"வால் எங்கமே?" என்றான் திலீப்.

குஞ்சத்தோடு போட்டாள். ஒரே கைதட்டல்.

அவளுடைய போன் அடித்தது. "செப்பம்மா... தின்னாவா?... வச்சேஸ்துன்னா."

"தெலுங்குல பொளந்து கட்ற?" என்றான் கோவர்த்தனன்.

"எங்க வீட்ல எப்பவும் தெலுங்குதானே. இந்த ஊருக்கு வந்துதான் தமிழே கத்துக்கினேன்."

"அப்போ அன்னிக்கி... வாலுன்னா இன்னான்னு உனக்கு..."

"சாப்பாடு ஆறிக்கினு கீது. படம் எடுத்துட்டுப் போலாம், வா."

"எல்லாரும் போர்டு முன்னால நில்லுங்கப்பா!" திலீப் போனைத் தூக்கினான்.

அவர்கள் இடம் பிடிப்பதற்குள் கோவர்த்தனன் சாக்பீஸை எடுத்தான். ரூபாவின் கோட்டுக்குப் பக்கத்தில், மூன்றிலிருந்து படுக்கையாக ஒரு கோடு. நுனியில் ஒரு சின்ன வால். அடியில் தன் பெயர்.

பிறகு, மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றான்.