அம்மா வைத்திருந்த பேனா

பேனா இரண்டாகப் பிளந்துவிட்டது. கோகிலா அவசரமாக லேத்தை நிறுத்தினாள்.

ஒன்பதாம் வகுப்பில் மரம் கடையக் கற்றபோது அவள் முதன்முதலில் செய்து அம்மாவுக்குக் கொடுத்த பேனா. மூன்று வருஷமாக மிளகு விவசாயிகள் சங்கத்தில் அம்மா இதில்தான் கையெழுத்துப் போடுகிறாள். மேடும் பள்ளமுமான இதைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலாவுக்குக் கூசும். இப்போதுதான் நன்றாகக் கடைய வருகிறதே, அம்மா சந்தையிலிருந்து திரும்புவதற்குள் வழவழப்பாக்கிவிடலாம் என்று எடுத்திருந்தாள்.

"என்ன கண்ணு, பேயறைஞ்சாப்ல நிக்கற?"

வாசலில் அம்மா பாப்பாத்தி. கோகிலா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"நான் குடுத்த பேனாவை நானே ஒடைச்சுப்போட்டேன்மா. ஆசையா வெச்சிருந்தியே."

பாப்பாத்தி துண்டுகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது நீ செஞ்சதே இல்ல சாமி. நீ குடுத்தது மறுவாரமே பஸ்ஸுல மிதிபட்டு நொறுங்கிப்போச்சு. சொன்னா அழுவியேன்னு, அதே மாதிரி பலாக்கட்டைய நாந்தான் கத்தியில சீவி, கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டேன்."

"இத்தன நாளா இதை என்னோடதுன்னு நெனச்சு வெக்கப்பட்டுட்டு இருந்தேன்."

"ஏன், அவ்வளவு மோசமாவா இருக்குது?"

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது.

"அப்போ என்னுது எப்படிம்மா இருந்துச்சு?"

"யாருக்குக் கண்ணு ஞாபகம்? எழுதுச்சு."

கோகிலா பிளந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த முதல் பேனா, ஒருவேளை நன்றாகவே இருந்திருக்குமோ?