திங்கட்கிழமைக் கத்தரிக்கோல்

“உன் கத்தரிக்கோலை எடுத்து நெட்டை வேலை பாக்குறா. எனக்கென்ன வந்துச்சு? காதுல விழுந்ததைச் சொல்றேன்” என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

நொட்டாங்கை, சலூன் படியில் வைத்த காலை அப்படியே எடுத்துவிட்டாள்.

இடது கையால் முடி வெட்டுபவள் அந்த சலூனில் அவள் ஒருத்திதான். அதனால் முதல் நாளே விழுந்த பட்டப்பெயர் அது. ஐந்து மாதத்துக்கு முன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, அந்தக் கையின் மணிக்கட்டையே முறித்துக்கொண்டாள். இன்றுதான் திரும்ப வேலைக்கு வருகிறாள்.

“எப்ப எடுக்குறா?”

“திங்கக்கிழமை. கடைக்கு லீவு இல்லையா? அவ மட்டும் வந்து பின்கதவைத் திறப்பா. அப்புறம் பாரு, சுவருக்கு அந்தப் பக்கம் சிக் சிக்னு ஒரே சத்தம். கத்தரிக்கோல் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“அது என்னோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஒரு நாள் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். மேஜை மேல உன் சிவப்பு உறை கிடந்துச்சு.”

“யாருக்கு வெட்டினா?”

“அதையும் பாக்க நான் என்ன காவல்காரனா?” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார், அதுவரை காவல் காத்தவர்.

அது இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல். சொல்லி வைத்து, ஏழு மாதம் காத்திருந்து வாங்கியது. அது போனால் இன்னொரு ஏழு மாதம். அதுவரை அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று முதலாளியம்மா முன்பே சொல்லிவிட்டாள்.

அதுவும் பக்கத்து நாற்காலியில் வெட்டுகிற நெட்டையின் கையிலா?

மூன்று வருடத்துக்கு முன் ஏதோ அவசரத்தில் நெட்டை அதை எடுத்து, வலது கையால் ஒரே ஒரு கொத்து முடியை வெட்டினாள். இடது கைக் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்தால் அலகு ரெண்டும் ஒழுங்காகச் சேராது. முட்டி உரசிக் கூர் போய்விடும். போயே விட்டது; சாணை பிடித்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. அன்று நொட்டாங்கை கத்திய கத்தலில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

அதோடு பேச்சு நின்றது. ரெண்டு அடி தள்ளி நிற்பவளிடம் சீப்பு கேட்பதென்றாலும், “முதலாளியம்மா, அவங்களை அந்தச் சீப்பைக் குடுக்கச் சொல்லுங்க” என்றுதான்.

உள்ளே நெட்டை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நொட்டாங்கை அவளைப் பார்க்காத மாதிரியே போய் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். சிவப்பு உறை இருந்தது.

விழுந்த அன்று கத்தரிக்கோல் கையிலிருந்து பறந்ததுதான் அவள் கடைசியாகப் பார்த்தது. அலகில் ஈர முடி ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கைவலியைவிட அந்த ஈரம்தான் அவளை வாட்டியது. முதலாளியம்மா போனில் “பத்திரமா இருக்கு” என்றாள். அவள் சொல்கிற பத்திரம், மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடுவது.

உறையைத் திறந்தாள்.

துரு இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அலகின் விளிம்பு எங்கும் விட்டுப்போகாத ஒரே கோடாக மின்னியது. திருகுக்கு அடியில்கூட ஒரு தூசி இல்லை, மெல்லிசாக எண்ணெய். டிஷ்யூ பேப்பரை நனைத்து வெட்டினாள். கிழியாமல், இழுக்காமல், சத்தமே இல்லாமல் ரெண்டானது.

அடேயப்பா! பதினெட்டு வருடத் தொழிலில் அவளே ஒரு கத்தரிக்கோலை இப்படி வைத்திருந்ததில்லை. பிரமித்துப்போய் நின்றாள்.

மறுபடி திறந்து மூடினாள். வெண்ணெயாக வழுக்கியது.

அங்கேதான் சந்தேகம் தட்டியது. ஐந்து மாதம் சும்மா கிடந்தால் எண்ணெய் பிசுபிசுத்து இறுகியல்லவா போயிருக்க வேண்டும்? ஓடுகிற கத்தரிக்கோல்தான் இப்படி ஓடும். தையல்காரர் சொன்னது சரி!

“என் கத்தரிக்கோலை எடுத்தியா?”

மூன்று வருடத்தில் நேராகக் கேட்ட முதல் கேள்வி. முதலாளியம்மாவின் கையிலிருந்த காபி அந்தரத்தில் நின்றது.

“எடுத்தேன்” என்றாள் நெட்டை.

“எத்தனை தடவை?”

“ஒரு திங்கக்கிழமை விடல.”

“வெக்கமா இல்ல உனக்கு? லீவு நாள்ல திருட்டுத்தனமா வந்து, எத்தனை பேருக்கு வெட்டினே?”

நெட்டை கையை நீட்டி அதை வாங்கினாள். நீட்டியது இடது கை.

மோதிர விரலும் கட்டை விரலும் அதனதன் வளையத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்தன. கட்டை விரல் மட்டும் அசைய, சிக் சிக் சிக் என்று ஒரே சீராகப் பத்துத் தடவை. பிறவி இடது கைக்காரிகூட அப்படி ஓட்ட மாட்டாள். சோறு தின்பதிலிருந்து கையெழுத்துப் போடுவதுவரை எல்லாவற்றுக்கும் வலது கை நீட்டுகிற நெட்டையா இது?

“எண்ணெய் விட்டா போதாது, வாரம் ஒரு தடவை ஓட்டி விடணும்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பே?” நெட்டை கத்தரிக்கோலைத் துடைத்து அவள் கையில் வைத்தாள். “ஒரு முடி வெட்டல. வெறும் காத்துதான். வலது கையால ஓட்டினா மறுபடி கூர் போயிடுமேன்னு, இந்தக் கையைப் பழக்கத்தான் ரெண்டு மாசம் ஆயிடுச்சு.”